நீ எதுக்குப்பா சிரிக்கிற?

கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது தனியாக இருந்தீர்களா, கூட்டத்தில் இருந்தீர்களா?

அநேகமாகக் கூட்டத்தில்தான் இருந்திருப்பீர்கள். ஒரே நகைச்சுவைக் காட்சிதான். வீட்டில் தனியாக டி.வி-யில் பார்த்தால் உதட்டோரம் லேசாக ஒரு புன்னகை. அதையே தியேட்டரில் பார்க்கும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறோம். முன்சீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்து நமக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. காட்சி மாறவில்லை. நாமும் மாறவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த மிச்சச் சிரிப்பு?

சரி, எங்கிருந்தோ வந்துவிட்டுப் போகட்டும். அதற்கு யார் பொறுப்பு? நான் சிரித்தேன் என்றால் அது என் சிரிப்பு. 'எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்' என்றால்?

சிரிப்பதற்கெல்லாம் பொறுப்பா, இது என்ன வம்பு என்று தோன்றலாம். வம்புதான். ஆனால், இந்த வம்பின் மறுமுனையில் ஒரு சின்னப் பையன் நிற்கிறான். அவனைப் பார்ப்பதற்கு முன்னால் கோயம்புத்தூருக்கு ஒரு நடை போய்வரலாம், வாருங்கள்.

கோவையில் டவுன்ஹால் பக்கம் போனவர்களுக்கு வெரைட்டி ஹால் ரோடு தெரிந்திருக்கும். ரோட்டுக்குப் பெயர் இருக்கிறது. பெயரைக் கொடுத்த ஹால் இன்று இல்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய சினிமாக் கொட்டகை அது. தென்னிந்தியாவில் சினிமாவுக்கென்றே எழுந்த ஆரம்பகால நிரந்தரக் கட்டடங்களில் ஒன்று. பிற்பாடு 'டிலைட்' என்று பெயர் மாறி, நூறு வயதைத் தாண்டி நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அதை இடித்துவிட்டார்கள்.

வின்சென்ட்டின் வாழ்க்கையே ஒரு சினிமா. திருச்சியில், தென்னிந்திய ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், ஊர் திரும்ப வேண்டிய நிலை. கையில் இருந்த புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டுப் போக நினைத்தார். குமாஸ்தா எப்படியோ பணத்தைப் புரட்டி அவற்றை வாங்கிவிட்டார். வேலையை விட்டார். டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். வடக்கே பெஷாவர் வரைக்கும் போனார். ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படம் அவர் கொண்டுபோனவற்றில் ஒன்று.

அப்படிச் சுற்றிய மனிதர் 1914-ல் ஒரு இடத்தில் நிலைகொண்டார். இதில் ஒரு முக்கியமான மாற்றம் இருக்கிறது. அதுவரைக்கும் படம் ஜனங்களைத் தேடி வந்தது; பத்து நாளில் டென்ட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. இனிமேல் ஜனங்கள் படத்தைத் தேடிப் போக வேண்டும். அதே ஊர் ஜனங்கள், அதே கூரைக்குக் கீழே, வாரா வாரம். வெறும் கும்பலாக இருந்தது, மெல்ல மெல்ல ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்த 'ஆடியன்ஸ்' ஆகிறது.

அந்தக் காலத்து ஆடியன்ஸ் அமைதியாகவும் உட்கார்ந்திருக்கவில்லை. படம்தான் மௌனப் படம். கொட்டகை மௌனமாக இல்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு கதையை விளக்கிச் சொல்வார். 'இதோ பார், வில்லன் வந்துவிட்டான்' என்று அவர் குரல் கொடுப்பார். ஜனங்கள் பதில் குரல் கொடுப்பார்கள். பிறகு படமே பேச ஆரம்பித்தது. வின்சென்ட்டும் விடவில்லை. 1933-ல் வெளியான 'வள்ளி திருமணம்' படத்தின் தயாரிப்பில் கல்கத்தாக்காரர்களோடு கைகோத்தார். டி.பி.ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் பெரிய வெற்றி. திரை பேசத் தொடங்கிய பிறகும் நம் ஆட்கள் பதில் பேசுவதை நிறுத்தவில்லை. விசில், 'ஒன்ஸ்மோர்', 'டேய், பின்னாடி பார்றா' என்ற எச்சரிக்கை... எல்லாம் அந்தப் பரம்பரைச் சொத்துதான்.

இந்தக் கொட்டகைகளைப் பற்றி இலங்கைத் தமிழறிஞர் கா.சிவத்தம்பி 1981-ல் வெளியான தன் ஆங்கில நூல் ஒன்றில் ஒரு அருமையான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் கருத்து. யார் எங்கே உட்காருவது என்பதை, பிறந்த சாதி தீர்மானிக்கவில்லை. கையில் இருந்த காசு தீர்மானித்தது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது 1939-ல். வின்சென்ட் கொட்டகை கட்டி இருபத்தைந்து வருடங்கள் கழித்து! கோயில் வாசல் திறக்கும் முன்பே டிக்கெட் கவுண்டர் திறந்துவிட்டது. எல்லா ஊரிலும், எல்லாக் கொட்டகையிலும் சாதி வெளியே செருப்போடு நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், கொட்டகையின் விதி என்னவோ அதுதான். காசு கொடு, உட்கார்.

தரை டிக்கெட், பெஞ்ச், சேர். இப்படி மூன்று உலகம். தரையில் இருந்தவன் ஒருநாள் பீடிக்காசை மிச்சம் பிடித்தால் பெஞ்சுக்குப் போகலாம். இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் சேர். பண்ணையாருக்குச் சமமாக இரண்டரை மணி நேரம் சாய்ந்து உட்காரலாம். பிறந்த வீட்டை மாற்ற முடியாது. டிக்கெட்டை மாற்ற முடியும்.

காசு கொடுத்தால் சமமாக உட்காரலாம், நல்லது. ஆனால், சமமாக உட்கார்ந்துவிட்டால் சமம் ஆகிவிடுமா?

இங்கேதான் அந்தப் பையன் வருகிறான்.

கோவை வட்டாரத்துச் சின்ன ஊர் ஒன்றில், சின்னத் தியேட்டர் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். கார்பன் குச்சி கொளுத்திப் படம் ஓட்டிய தலைமுறை. 'எத்தனை படம் பார்த்திருப்பீங்க?' என்று ஒருநாள் கேட்டேன்.

'படத்தை எங்கீங்க பாக்கறது? ரீல் மாத்தறதுக்கும் கார்பனைத் தள்ளறதுக்குமே நேரம் பத்தாது. நான் ஜனத்தைக் கேட்டவனுங்க. வெளிய சத்தம் வர்றதை வெச்சே எந்த ரீலு, எந்த சீனு, படம் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு சொல்லிப்போடுவேன்' என்றார்.

அவர் சொன்னதுதான் இது. காமெடியன் ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் காட்சி. அதுதான் அந்தப் படத்தின் ஜோக். அவர் நடப்பார், தடுமாறுவார், விழுவார். ஒவ்வொரு தடவையும் தியேட்டரே அதிரும். படம் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஆபரேட்டர் ரீலை மாற்றி ஓடவிட்டுவிட்டு, புழுக்கம் தாங்காமல் வெளியே வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கடைசி வரிசை என்றால் சேர் டிக்கெட். அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் மகனோடு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போனவர். எப்போதும் பெஞ்சு டிக்கெட்டில் வருகிறவர், அன்றைக்கு மகனை அழைத்து வந்ததால் சேர் டிக்கெட் வாங்கியிருந்தார்.

காமெடியன் நடந்தார். தியேட்டர் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஒரு சிரிப்பு அடங்கி அடுத்த சிரிப்பு கிளம்புவதற்குள் ஒரு விநாடி இடைவெளி இருக்குமே, அந்த இடைவெளியில் பையன் குரல் கேட்டது.

'அப்பா, அவரு உன்னையாட்டவே நடக்கறாரு. அதுக்கு எதுக்கு எல்லாரும் சிரிக்கறாங்க?'

அப்பா பதில் சொல்லவில்லை.

'நீ எதுக்குப்பா சிரிக்கிற?'

ஆபரேட்டர் சொன்னார்: 'நாலு வரிசைக்குக் கேட்டிருக்குமுங்க. சின்னக் கொட்டாயி பாருங்க. அடுத்த தடவை அந்த ஆளு விழுந்தப்ப முன்னாடியெல்லாம் அதே சிரிப்புதான். பின்னாடி நாலு வரிசையில சத்தமில்லீங்க. எனக்குக் காது பழக்கமுங்க, தப்பாது.'

அந்த அப்பா ஏன் சிரித்தார்? ரொம்ப நாள் இதை யோசித்திருக்கிறேன். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தால் கூட்டத்தில் ஒருவன். சிரிக்காமல் இருந்தால் கூட்டம் பார்த்துச் சிரிக்கிற அந்த ஒருவன். இரண்டில் எது சௌகரியம்? சேர் டிக்கெட் அவருக்குச் சாய்ந்துகொள்ள முதுகு கொடுத்தது. சிரிப்பில் இருந்து தப்பிக்க இடம் கொடுக்கவில்லை. காசு வாங்கிக் கொடுத்த சமத்துவம் அந்த எல்லையோடு நின்றுவிட்டது.

நம் பழைய ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. மனசுக்குள் நடப்பது உடம்பில் எப்படித் தெரிகிறது என்று எட்டாக வகுத்துச் சொல்வது. முதல் மெய்ப்பாடு நகை, அதாவது சிரிப்பு. சிரிப்பு எதனால் வரும் என்று நான்கு காரணங்கள் சொல்லும்போது, முதலாவதாக எள்ளலைச் சொல்கிறது. கேலி! மழலையும் அறியாமையும் அதற்கு அப்புறம்தான். எள்ளலிலும் இரண்டு உண்டு என்று பழைய உரையில் பிரித்துக் காட்டுகிறார்கள். நாம் பிறரைக் கேலி செய்து சிரிப்பது ஒன்று. பிறர் நம்மைக் கேலி செய்யும்போது நாமே சிரிப்பது இன்னொன்று.

அந்த இரண்டாவதைக் கவனித்தீர்களா? சேர் டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவின் சிரிப்பு அதுதான். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலேயே யாரோ ஒரு உரைகாரர், கேலி செய்யப்பட்டவனின் முகத்தையும் திரும்பிப் பார்த்திருக்கிறார். நாம்தான் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கூட்டத்தில் நான் சிரித்தால் அதற்கு நான் பொறுப்பா?

என்னைக் கேட்டால், அது கூட்டத்தின் அளவைப் பொறுத்தது.

மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் வீட்டு ஹால். நீங்கள் சிரிப்பதைக் கேட்க யாரும் இல்லை. அல்லது, உங்களைப் போலவே சிரிப்பவர்கள்தான் இருக்கிறார்கள். இரண்டு, பெரிய நடிகர் படத்தின் முதல் நாள் முதல் காட்சி, ஆயிரம் பேர். அங்கே நீங்கள் சிரித்தாலும் ஒன்று, சிரிக்காவிட்டாலும் ஒன்று. கடலில் ஒரு சொம்புத் தண்ணீர். மூன்றாவது, அந்த ஆபரேட்டர் வேலை பார்த்த மாதிரி ஒரு சின்னக் கொட்டகை. வார நாள், சாயங்கால ஆட்டம், நூறு நூற்றைம்பது பேர். பாதிப் பேர் முகம் தெரிந்தவர்கள். அங்கே உங்கள் சிரிப்புக்கு எடை இருக்கிறது. நீங்கள் சிரிக்காமல் இருப்பதற்கும் எடை இருக்கிறது. ஒரு பையன் கேட்ட கேள்வி நாலு வரிசையை மாற்றிவிடுகிறது.

வீட்டில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். பெருங்கூட்டத்தில் கேட்டாலும் காதில் விழாது. சின்ன இடத்தில் மட்டும்தான் நாம் சிரிக்கும் சிரிப்பு, யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவர் காதில் விழும். அவருடைய மௌனமும் நம் காதில் விழும்.

ஒழுக்கம் என்பதை நாம் எப்போதும் தனிமனித விஷயமாகவே பேசுகிறோம். மனசாட்சி, உள்மனம், கண்ணாடி முன் நிற்பது... எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மனசாட்சி தானாக விழிப்பது அபூர்வம். பக்கத்து சீட்டில் இருந்து யாராவது முழங்கையால் இடிக்க வேண்டும்.

'பழைய தியேட்டரைப் பற்றி உருகுகிறாயே, அங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியுமா?' என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. பெண்கள் பக்கம் தனியே தடுப்பு வைத்த கொட்டகைகள் இருந்தன. தடுப்பு எடுத்த பிறகு இருட்டில் நீண்ட கைகள் இருந்தன. இடைவேளை முடிந்து சீட்டுக்குத் திரும்புவதே பல பெண்களுக்கு ஒரு சோதனை. கதாநாயகன் கதாநாயகியை அறையும்போது எழுந்த விசிலை, கணவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பெண்கள் எத்தனை பேர்! வீட்டுக்கு டி.வி. வந்தபோது அவர்களில் பலருக்கு அது விடுதலையாகத்தான் இருந்திருக்கும். அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆகவே, பழைய கொட்டகை ஒரு கோயில், அங்கே எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. கூட்டம் நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும். ஆனால், கெட்டதைச் செய்யும்போது அது நம் கண்ணெதிரே, காதெதிரே நடந்தது. அந்த விசிலைக் கேட்ட பெண்ணுக்கு, தான் எப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறோம் என்று தெரிந்தது. தெரிவது சுகமல்ல. ஆனாலும், தெரியாத ஒன்றை எப்படி மாற்றுவது?

மாறியும் இருக்கிறோம். ஒரு காலத்தில் படத்துக்குப் படம் திருநங்கைகளைக் கேலி செய்யும் காட்சி இருந்தது. ஒரு சேலை, ஒரு கைதட்டல், ஒரு ஜோக். தியேட்டர் சிரித்தது. அந்த இருட்டில் ஒரு திருநங்கை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கலாம் என்பது சிரித்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. 'திருநங்கை' என்ற மரியாதையான சொல்லே நம் பேச்சில் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது பிற்பாடுதான். 2008-ல் தமிழ்நாட்டில் அவர்களுக்கென நல வாரியம் அமைந்தது. அவர்கள் எழுதினார்கள், பேசினார்கள், கேட்டார்கள். இன்று அதே பழைய ஜோக்கைப் போட்டால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், நெளிகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நெளிவு சட்டத்தால் மட்டும் வந்ததல்ல. 'எங்களைப் பார்த்து எதுக்குச் சிரிக்கிறீங்க?' என்று யாரோ கேட்டு, அது யார் காதிலோ விழுந்ததால் வந்தது.

இப்போது நிலைமை என்ன?

டிலைட் போய்விட்டது. அதன் வயதை ஒத்த கொட்டகைகள் பலவும் கல்யாண மண்டபமாக, கடையாக, கார் நிறுத்தும் இடமாக மாறிவிட்டன. அவற்றை நினைத்து எல்லோரும் கண் கலங்குகிறார்கள். கட்டடம் போவது இயற்கை. கூரை ஒழுகும், முதலாளிக்கு நஷ்டம் வரும், பிள்ளைகள் பாகம் பிரிப்பார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

'அதுதான் மால்களில் சின்னச் சின்ன ஸ்கிரீன் வந்துவிட்டதே, இருநூறு சீட்டுதானே?' என்று கேட்கலாம். அளவு சின்னதுதான். ஆனால் தரையும் இல்லை, பெஞ்சும் இல்லை, எல்லாமே சேர். பாப்கார்ன் விலையிலேயே பாதி ஊர் வெளியே நின்றுவிடுகிறது. பீடிக்காசை மிச்சம் பிடித்து அங்கே போய்விட முடியாது. சூம்பிய காலோடு அந்த அப்பா, மகனைக் கூட்டிக்கொண்டு எத்தனை தடவை போவார்? நம்மைப் போன்றவர்களே நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யார் நம்மைக் கேள்வி கேட்பது?

செல்போன் இன்னும் சௌகரியம். காதில் மாட்டிக்கொண்டால் உலகமே நமக்கு மட்டும். யாரோ ஒருவர் ரோட்டில் வழுக்கி விழுந்த வீடியோ வருகிறது. கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மையை ஒரு தட்டுத் தட்டி, பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அவர்கள் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். லட்சம் பேர் சிரித்தாகிவிட்டது. இது அந்தப் பழைய பெருங்கூட்டமும் வீட்டு ஹாலும் சேர்ந்த கலவை. எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறோம், ஆனால் தனித்தனியாக. விழுந்தவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. விழுந்தவருடைய மகன் அந்த வீடியோவைப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

எனவே, இடிந்துபோன கொட்டகைக்காக நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையன் தன் கேள்வியை இனி எங்கே போய்க் கேட்பான்?

அதற்கு ஏதாவது இடம் இருந்தாக வேண்டும். தெருமுனை நாடகம், பள்ளி ஆண்டு விழா, நூலகத்தில் ஐம்பது பேருக்குப் போடும் படம், கல்யாண வீட்டில் பாயில் உட்கார்ந்து பேசும் ராத்திரி... நாலு வரிசைக்குக் குரல் கேட்கிற எந்த இடமானாலும் சரி. அங்கே நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அப்படி ஒரு இடத்தில் அடுத்த முறை எல்லோரும் சிரிக்கும்போது, நீங்களும் சிரிக்கப் போகும்போது, ஒரே ஒரு விநாடி பக்கத்து சீட்டைத் திரும்பிப் பாருங்கள். அவரும் சிரிக்கிறாரா என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்த அப்பாகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.